இந்தப் பாறையை மேலே தூக்கி வைத்தது யார்?

லாலாகுடாப் பிள்ளைகளே!

சங்கராந்திக்குப் பட்டம் விட மொட்டை மாடிக்கு ஏறுவீர்களே, அப்போது வடகிழக்குப் பக்கம் பார்த்திருக்கிறீர்களா? மாடி கொஞ்சம் உயரமாக இருந்தால், வீடுகளுக்கும் தண்ணீர்த் தொட்டிகளுக்கும் அப்பால் ஒரு பெரிய மொட்டைக் குன்று தெரியும். முழுக்க முழுக்கப் பாறை. உச்சியில் ஒரு தர்கா. அதுதான் மௌலாலிக் குன்று.

அந்தக் குன்றைச் சுற்றி ஒரு வேடிக்கை இருக்கிறது. ஒரு பாறைமேல் இன்னொரு பாறை உட்கார்ந்திருக்கும். லாரி பருமன் இருக்கும். அடியில் பார்த்தால் ஒரு சாண், இரண்டு சாண் இடம்தான் தொட்டுக்கொண்டிருக்கும். மௌலாலியில் மட்டும் இல்லை, ஹைதராபாத் முழுக்க இந்த வேடிக்கைதான்.

"மாமா, அதை யார் மேலே தூக்கி வைத்தார்கள்?"

உங்களில் யாராவது ஒருவர் இப்படிக் கேட்டிருப்பீர்கள். கேட்டது யாராக இருந்தாலும் அவருக்கு ஒரு சபாஷ்! தினமும் பஸ்ஸில் அந்த வழியாகப் போகிற பெரியவர்கள் எத்தனை பேர்! அவர்களில் இந்தக் கேள்வி தோன்றியவர்கள் ரொம்பக் கொஞ்சம்.

சரி, அந்தக் கேள்வியையே துணைக்கு வைத்துக்கொண்டு இன்றைக்குக் குன்று ஏறுவோம். எல்லோரும் வாருங்கள்.

புறப்படுவதற்கு முன் சில விதிகள். காலை ஆறு மணிக்கே கிளம்ப வேண்டும். ஆளுக்கு ஒரு பாட்டில் தண்ணீர். வழுக்காத அடிப்பாகம் உள்ள ஷூ. வழி தெரிந்த பெரியவர் ஒருவர் முன்னால் நடப்பார், இன்னொருவர் கடைசியில் வருவார். நாம் எல்லோரும் நடுவில். வேகமாக நடக்கிறவர் தனியாக ஓடக் கூடாது. கூட்டத்தில் யார் மெதுவாக நடக்கிறாரோ, அவருடைய வேகம்தான் எல்லோருக்கும் வேகம். உலகம் முழுக்க மலை நடைக்கு இதுதான் ஒழுங்கு.

பூதக்கண்ணாடி இருந்தால் அதையும் எடுத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டாலும் கவலை இல்லை, உங்கள் கண் என் கண்ணைவிடக் கூர்மை.

அடிவாரம் வந்தாயிற்று. ஏறுவதற்கு முன் கீழே கிடக்கிற ஒரு சின்னக் கல்லைக் கையில் எடுங்கள். புதிதாக உடைந்த பக்கத்தைப் பாருங்கள். என்ன தெரிகிறது?

ஒரே நிறம் இல்லை, அல்லவா? மங்கலான கண்ணாடி நிறத்தில் சில பொட்டுகள். அது குவார்ட்ஸ். இளஞ்சிவப்பாகவோ வெள்ளையாகவோ, தட்டையான முகத்தோடு, வெயிலில் திருப்பினால் பளிச்சென்று மின்னுவது ஃபெல்ட்ஸ்பார். கறுப்பாக, நகத்தால் நெம்பினால் மெல்லிய ஏடாக உரிந்து வருவது மைக்கா. இந்த மூன்றும் ஒன்றோடொன்று இறுகப் பின்னிக் கிடக்கிற கல்லுக்குத்தான் கிரானைட் என்று பெயர். வீட்டுச் சமையலறை மேடையில் பளபளப்பாக இருப்பதும் இதன் உறவுக்காரன்தான்.

இப்போது ஒரு கேள்வி. அந்தப் பொட்டுகள் ஏன் இவ்வளவு பெரிதாக, கண்ணுக்குத் தெரிகிற அளவில் இருக்கின்றன?

கற்கண்டு தின்றிருக்கிறீர்களா? கெட்டியான சீனிப்பாகில் நூலைக் கட்டித் தொங்கவிட்டு, ஆடாமல் அசையாமல் பல நாள் வைத்தால் நூலைச் சுற்றிப் பெரிய பெரிய படிகங்கள் வளரும். அதே பாகை அவசரமாகக் கிளறி ஆற்றினால் என்ன வரும்? பொடிப் பொடியான சீனிதான் வரும். படிகம் பெரிதாவதற்கு நேரம் வேண்டும். கிரானைட்டும் அப்படித்தான். 700 டிகிரிக்கும் மேலான சூட்டில், பூமிக்குள் பல கிலோமீட்டர் ஆழத்தில் உருகிக் கிடந்த குழம்பு அது. மேலே அத்தனை கனத்த பாறைப் போர்வை இருந்தால் சூடு எப்படிச் சீக்கிரம் வெளியேறும்? மெல்ல மெல்ல ஆறியது. படிகங்களுக்கு வளர நிறைய நேரம் கிடைத்தது.

அவசரமாக ஆறிய கல்லையும் நீங்கள் பார்க்கலாம். ஊருக்கு மேற்கே விகாராபாத் பக்கம் போனால் கறுப்பு பஸால்ட் கல் கிடைக்கும். அது எரிமலைக் குழம்பாகத் தரைக்கு மேலே வழிந்து, காற்றுப் பட்டு விரைவில் ஆறியது. அதில் பொட்டுகளைத் தேடிப் பாருங்கள், கண் வலிக்கும்.

புரிகிறதா? அப்படியென்றால் நம் காலடியில் இருக்கும் இந்தக் குன்று ஒரு காலத்தில் பூமிக்குள் ஆழமாகப் புதைந்திருந்தது. இதை மறந்துவிடாதீர்கள். நம் கேள்விக்கான விடையில் பாதி இதிலேயே இருக்கிறது.

எந்தக் காலத்தில் என்று கேட்கிறீர்களா? சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன்.

250 கோடி என்று சொல்லிவிடலாம், மனசில் நிற்காது. அதனால் ஒரு கணக்குப் போடுவோம். நொடிக்கு ஒரு எண் என்று எண்ணிக்கொண்டே போங்கள். ஒரு எண் ஒரு ஆண்டு. இப்போதிலிருந்து பின்னோக்கி எண்ணுகிறோம். ஏழரை நிமிடம் எண்ணுவதற்குள் குதுப்ஷாஹி அரசர் இப்ராஹிம் காலம் வந்துவிடும். மௌலாலித் தர்காவின் கதை அவர் காலத்தில்தான் தொடங்குகிறது. டைனோசர்கள் அழிந்த காலத்துக்குப் போக இரண்டு ஆண்டுகளுக்கு மேல் எண்ண வேண்டும், ராத்திரியும் தூங்காமல், சாப்பிடாமல். இந்தக் கிரானைட் உருவான காலத்தைத் தொட? 79 ஆண்டுகள். இன்றைக்கு எண்ணத் தொடங்கினால் முடிக்கும்போது நீங்கள் கொள்ளுத் தாத்தா, கொள்ளுப் பாட்டி!

இந்தக் கணக்கை நினைவில் வையுங்கள். கொஞ்ச நேரத்தில் மறுபடி தேவைப்படும்.

வாருங்கள், ஏறுவோம். படிகள் இருக்கின்றன, நூற்றுக்கணக்கில். மூச்சு வாங்கினால் நிற்கலாம். நிற்பதற்கு வெட்கப்பட வேண்டாம், நல்ல விஷயங்களெல்லாம் நிற்கும்போதுதான் கண்ணில் படும்.

இதோ, இங்கே நில்லுங்கள். பக்கத்துச் சரிவைப் பாருங்கள். பாறையின் மேல்பக்கம் கனத்த தகடாக உரிந்திருக்கிறது. அடியில் இன்னொரு தகடு. ஒவ்வொன்றும் குன்றின் வளைவை ஒட்டியே வளைந்து போகிறது. யாரும் உளி வைத்துப் பிளக்கவில்லை. பிறகு எப்படி?

பூமிக்குள் இருந்தபோது இந்தக் கல்லின் மேல் பல கிலோமீட்டர் பாறையின் கனம் அழுத்திக்கொண்டிருந்தது. கோடிக்கணக்கான ஆண்டுகளில் மழையும் ஆறும் காற்றும் மேலே இருந்ததைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துக்கொண்டு போயின. பாரம் குறையக் குறைய, கீழே இருந்த கிரானைட் மேல்நோக்கி இம்மி அளவு விரிந்தது. கல்லுக்கு நெளியத் தெரியாது. விரிந்தால் வெடிக்கும். அதனால்தான் மேற்பரப்பை ஒட்டி இந்தத் தகடு வெடிப்புகள். மௌலாலிக் குன்று மழமழவென்று உருண்டு இருப்பதற்கு இதுதான் காரணம்.

இது ஒரு வகை வெடிப்பு. இன்னொரு வகையும் உண்டு. நின்றபடி மேலிருந்து கீழாக ஓடுகிற வெடிப்பு. பாறை ஆறிச் சுருங்கியபோதும், பூமியின் இழுபறியிலும் வந்தவை அவை. படுத்த வெடிப்பும் நின்ற வெடிப்பும் குறுக்கும் நெடுக்குமாக வெட்டிக்கொண்டால் பாறை என்ன ஆகும்? பெரிய பெரிய கட்டங்களாகப் பிரிந்துவிடும். பிரிந்தாலும் நகராது. தரைக்கு அடியில்தானே இருக்கிறது, நகர இடம் ஏது?

இப்போதுதான் தண்ணீர் வருகிறது. மழைத் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கி வெடிப்பு வழியாக நுழைகிறது. தண்ணீருக்குப் பல் கிடையாது, ஆனால் பொறுமை உண்டு. நாம் கையில் எடுத்துப் பார்த்த ஃபெல்ட்ஸ்பார் நினைவிருக்கிறதா? காற்றிலும் மண்ணிலும் இருக்கும் கரியமில வாயு கலந்த தண்ணீர் அதை மெதுவாகக் களிமண்ணாக மாற்றிவிடும். பிணைத்துக்கொண்டிருந்த ஃபெல்ட்ஸ்பார் போனால் குவார்ட்ஸ் மணிகள் தனித்தனியாக உதிரும். கல் மண்ணாகிவிடும். அந்த மண்ணை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். வீடு கட்டுகிற இடத்தில் லாரியில் கொண்டுவந்து கொட்டுவார்களே, நறநறவென்று மொரம், அதுதான்.

நன்றாகக் கவனியுங்கள், இங்கேதான் சூட்சுமம் இருக்கிறது. ஒரு கட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் நடு முகத்தைத் தண்ணீர் ஒரு பக்கத்திலிருந்துதான் தாக்கும். இரண்டு முகங்கள் சேரும் விளிம்பை இரண்டு பக்கத்திலிருந்து தாக்கும். மூலையை?

சொல்லுங்கள் பார்ப்போம்.

ஆமாம், மூன்று பக்கத்திலிருந்து! அப்படியானால் எது முதலில் கரையும்? மூலை. அடுத்து விளிம்பு. முகம் கடைசி. மூலையும் விளிம்பும் போன கட்டம் என்ன வடிவம்? உருண்டை. சதுரமாக இருந்த கல் தரைக்கு அடியிலேயே, யார் கண்ணுக்கும் தெரியாமல் உருண்டையாகிவிட்டது. சுற்றிலும் மொரம். நடுவில் கரையாத உருண்டைகள், ஒன்றின்மேல் ஒன்றாக.

இனி மிச்சம் ஒரு வேலைதான். மேலிருந்து மழை மொரத்தை அரித்துக்கொண்டு போனது. மண் இறங்க இறங்க உருண்டைகள் வெளியே தெரிந்தன.

ஆகவே, அந்தப் பாறையை மேலே தூக்கி வைத்தது யார்?

யாரும் இல்லை! அது எப்போதும் அங்கேதான் இருந்தது. அதைச் சுற்றி இருந்ததுதான் போய்விட்டது. ஒரு பாறை இன்னொன்றின் மேல் ஏறவே இல்லை, தரைதான் கீழே இறங்கிவிட்டது.

ஒரு நிமிடம் உட்காருங்கள். தண்ணீர் குடியுங்கள். இதை உங்கள் பக்கத்தில் இருப்பவருக்கு உங்கள் சொந்த வார்த்தையில் சொல்லிப் பாருங்கள். சொல்ல முடிந்தால் புரிந்துவிட்டது. எங்காவது திக்கினால் வெட்கமில்லாமல் மறுபடி கேளுங்கள். மூலைக்கு மூன்று பக்கம், அங்கேதான் பாதிப் பேர் திக்குவார்கள்.

நீங்கள் ஓய்வெடுக்கும் நேரத்தில் ஒரு கதை சொல்கிறேன். பிரிட்டனின் மேற்கே வேல்ஸ் என்று ஒரு நாடு. நம் தெலங்கானாவில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. மழையும் மலையும் ஆடும் நிறைந்த ஊர். அங்கேயும் இப்படித்தான், வழிகாட்டி ஒருவர் முன்னால் போக, மழைக்கோட்டும் முதுகுப்பையுமாகக் கூட்டமாக மலைப் பள்ளத்தாக்குகளில் நடப்பார்கள். அப்படி நடக்கிற இடங்களில் பேர் பெற்றது வடக்கு வேல்ஸில் உள்ள கும் இட்வால். மூன்று பக்கமும் செங்குத்து மலை, நடுவில் ஒரு ஏரி.

1831 ஆகஸ்டில் அந்தப் பகுதிக்கு இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஆடம் செட்ஜ்விக். பாறைகளைப் படிப்பதில் புலி. இன்னொருவர் அவரிடம் பாறை பார்க்கக் கற்றுக்கொள்ள வந்த 22 வயது இளைஞர். பெயர் சார்லஸ் டார்வின். ஆமாம், பிற்காலத்தில் உயிரினங்களின் பரிணாமத்தைப் பற்றி எழுதி உலகத்தையே புரட்டிப் போட்டாரே, அவரேதான்.

இருவரும் கும் இட்வாலில் பல மணி நேரம் தேடினார்கள். எதை? பாறையில் பதிந்த பழைய உயிர்களின் அச்சை. பாறை பாறையாக உற்றுப் பார்த்தார்கள். ஆனால் அந்தப் பள்ளத்தாக்கையே தோண்டி எடுத்தது ஒரு பனியாறு (மெல்ல நகர்ந்து இறங்கும் பெரும் பனிக்கட்டி), அது போட்டுவிட்டுப் போன பெரிய பாறைகள் ஏரிக்கரையில் கிடக்கின்றன, அது உரசிய கீறல்கள் கல்லில் இருக்கின்றன. இதில் ஒன்றுகூட இரண்டு பேருக்கும் தெரியவில்லை!

கண் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பனியாறு அந்த ஊரில் இருந்திருக்கலாம் என்ற எண்ணமே அப்போது யாருக்கும் இல்லை. எண்ணம் இல்லாதபோது கண் அதைத் தாண்டிப் போய்விட்டது. அந்த ஆண்டு டிசம்பரில் டார்வின் பீகிள் கப்பலில் ஏறிவிட்டார். அவர் உலகம் சுற்றித் திரும்பிய பிறகு, 1840-இல், சுவிட்சர்லாந்துக்காரர் லூயி அகாசி பிரிட்டனுக்கு வந்து, "உங்கள் மலைகளிலும் ஒரு காலத்தில் பனி மூடியிருந்தது" என்று சொல்லிக் காட்டினார். 1842-இல் டார்வின் மறுபடி கும் இட்வாலுக்குப் போனார். இப்போது எல்லாமே தெரிந்தது. பதினொரு ஆண்டுக்கு முன் இதை எப்படித் தவறவிட்டோம் என்று அவருக்கே ஆச்சரியம். அதை மறைக்காமல் எழுதியும் வைத்தார். எனக்கு டார்வினைப் பிடிப்பது பரிணாமத்துக்காக மட்டும் இல்லை, இதற்காகவும்தான்.

நம் எண்ணும் கணக்கில் அந்தப் பனி கரைந்தது எப்போது தெரியுமா? சுமார் 10,000 ஆண்டு என்றால் மூன்று மணி நேரம்கூட ஆகாது. அந்த மலையின் பாறைக்கு வயது சுமார் 45 கோடி. எண்ண 14 ஆண்டு. நம் மௌலாலிக்கு 79! வேல்ஸ்காரர்களுக்கு அவர்கள் மலைமேல் அத்தனை பெருமை. நமக்கும் கொஞ்சம் இருக்கலாம்.

இந்தக் கதையை ஏன் சொன்னேன்? கும் இட்வாலிலும் பாறை தனியாக உட்கார்ந்திருக்கிறது. மௌலாலியிலும் உட்கார்ந்திருக்கிறது. புகைப்படத்தில் இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். ஆனால் அங்கே நிஜமாகவே ஒருவர் தூக்கி வந்து வைத்தார், அவர் பெயர் பனியாறு. இங்கே யாரும் வைக்கவில்லை. பார்த்தவுடன் இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியுமா?

முடியும். துப்பறிய வேண்டும். முதலில் மேலே இருக்கிற கல்லும் கீழே இருக்கிற கல்லும் ஒரே வகையா என்று பாருங்கள். பொட்டின் நிறம், அளவு எல்லாம் ஒன்றா? மௌலாலியில் ஒன்றாகவே இருக்கும், ஒரே பாறையிலிருந்து பிரிந்தவைதானே. பனியாறு பல மைல் தூரத்திலிருந்து தூக்கி வருவதால், மேல் கல் வேறு, கீழ்க் கல் வேறாகவே இருப்பதுண்டு. அடுத்து, கீழ்ப் பாறையில் ஓடுகிற வெடிப்பு மேல் பாறையிலும் அதே நேர்கோட்டில் தொடர்கிறதா? தொடர்ந்தால் மேல் பாறை இடம் பெயரவில்லை. பிறகு தரையில் ஒரே திசையில் ஓடும் நேர்க்கீறல்கள் உண்டா? பனியாறு தன் அடியில் கற்களைப் பிடித்துக்கொண்டு தரையை உரசிக்கொண்டு போகும். அதன் கையெழுத்து அந்தக் கீறல். மௌலாலி முழுக்கத் தேடினாலும் அது கிடைக்காது.

"அப்படியானால் இந்தியாவில் பனியாறு வந்ததே இல்லையா? இமயமலை?" என்று யாரோ முணுமுணுப்பது காதில் விழுகிறது. பலே! இமயமலையில் இப்போதும் இருக்கிறது. அதைவிட ஆச்சரியம் ஒன்று சொல்கிறேன். ஒடிசாவில் தால்ச்சேர் என்ற ஊர். அங்கே சேற்றுக்கல்லுக்கு நடுவே பெரிய உருண்டைக் கற்கள் புதைந்து கிடப்பதை 1856-இல் பிளான்ஃபோர்டு என்ற பாறை அறிஞர் சகோதரர்கள் பார்த்தார்கள். இவற்றைக் கொண்டுவந்தது பனிதான் என்று சொன்னார்கள். சுட்டெரிக்கும் ஒடிசாவில் பனியா என்று சிரிக்கத் தோன்றும். ஆனால் அது சரி. சுமார் 30 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியா தென் துருவத்துக்குப் பக்கத்தில், கோண்ட்வானா என்ற பெருநிலத்தோடு ஒட்டிக் கிடந்தது. அந்தப் பனிக்காலத்துப் படிவுகள் நம் கோதாவரிப் பள்ளத்தாக்கிலும் இருக்கின்றன. இந்தியா நகர்ந்து இங்கே வந்து சேர்ந்த கதை பெரிய கதை, இன்னொரு நாள் சொல்கிறேன்.

விடுமுறைக்குச் சென்னைப் பக்கம் போகிறவர்கள் மாமல்லபுரத்தில் கிருஷ்ணனின் வெண்ணெய் உருண்டையைப் பாருங்கள். ஆறு மீட்டர் உயரம், சுமார் 250 டன். சரிவில் நிற்கிறது, உருளவில்லை. 1908-இல் சென்னை ஆளுநர் ஆர்தர் ஹேவ்லாக் ஏழு யானைகளைக் கட்டி இழுக்கச் சொன்னார், அசையவில்லை என்று ஒரு கதையைப் பலரும் சொல்வார்கள். நல்ல கதைதான். ஆனால் ஹேவ்லாக் 1900-ஆம் ஆண்டிலேயே சென்னைப் பதவியை விட்டுப் போய்விட்டார்! யானைக் கதையைக் கேட்டு ரசியுங்கள், பாடத்தில் எழுதிவிடாதீர்கள். அந்த உருண்டையும் மௌலாலிப் பாறைகளைப் போலவே தண்ணீர் செதுக்கியதுதான்.

கொஞ்சம் மேலே போவோம். வெயில் ஏறுகிறது, பாறையைத் தொட்டுப் பாருங்கள், அதற்குள் சுடுகிறது. பகலில் சூடாகி இரவில் ஆறி, சூடாகி ஆறி, அதனாலேயே கல் வெடிக்காதா? ரொம்ப நாள் எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள். டேவிட் கிரிக்ஸ் என்ற அமெரிக்கர் 1936-இல் இதைச் சோதித்தார். மெருகேற்றிய கிரானைட்டைச் சூடாக்கினார், ஆற்றினார், மறுபடி சூடாக்கினார். எத்தனை தடவை? 89,400 தடவை! நாளுக்கு ஒரு முறை என்று வைத்தால் 244 ஆண்டு வெயிலுக்குச் சமம். கல்லில் ஒரு மாற்றமும் இல்லை. அப்புறம் ஆற்றும்போது தண்ணீர் தெளித்தார். சீக்கிரமே மெருகு மங்கியது, கல் கெடத் தொடங்கியது.

பார்த்தீர்களா? குற்றவாளி தண்ணீர்தான். ஆனாலும் வெயிலை முழுக்க விடுதலை செய்துவிட முடியாது. அமெரிக்காவின் யோசெமிட்டியில் பெரிய கிரானைட் தகடு ஒன்று பகல் வெயிலில் பாறையிலிருந்து விலகுவதையும் இரவில் திரும்பி ஒட்டுவதையும் கருவி வைத்து அளந்து, 2016-இல் வெளியிட்டார்கள். ஏற்கெனவே இருக்கிற வெடிப்பை வெயில் பெரிதாக்குகிறது. அறிவியலில் ஒருவரைக் குற்றமற்றவர் என்று அனுப்பிய பிறகும் வழக்கைத் திறந்து வைத்திருப்பார்கள்.

சரிவில் கறுப்புக் கறுப்பாகக் கோடுகள் இறங்குகின்றனவே, யாரோ மையைக் கொட்டினார்களா? இல்லை. மழைத் தண்ணீர் வழிகிற தடம் அது. அங்கே கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் படர்ந்து கறுப்பாகியிருக்கின்றன. காய்ந்திருந்தால் பயமில்லை, ஈரமாக இருந்தால் கால் வைக்காதீர்கள், சறுக்கிக் கொண்டுபோய்விடும். பாறை இடுக்கில் பெரிய தேன்கூடு தொங்கினால் கல் எறியாதீர்கள், சத்தமும் வேண்டாம்.

உச்சி! ஷூவைக் கழற்றுங்கள். இது ஹஸ்ரத் அலியின் பெயரால் அமைந்த இடம், தொழ வந்தவர்களுக்கு வழி விட்டு ஓரமாக நிற்போம். தென்மேற்கே பாருங்கள், நம் லாலாகுடா. 1893-இல் நிஜாம் ரயில்வே தொடங்கிய வண்டிப் பணிமனை அங்கேதான். உங்களில் சிலரின் தாத்தாவோ கொள்ளுத் தாத்தாவோ தமிழ்நாட்டிலிருந்து வந்து அதில் வேலை பார்த்திருப்பார்கள். தெற்கே ஹப்ஸிகுடா. அங்கே 1961-இல் தொடங்கிய தேசியப் புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. பூகம்பத்தை அளப்பதும் பூமியின் உள்ளே என்ன இருக்கிறது என்று ஆராய்வதும் அவர்கள் வேலை. உங்களில் ஒருவர் அங்கே வேலைக்குப் போனால் எனக்கு ஒரு கடிதம் போடுங்கள். கீழே அடிவாரத்தில் உருதுக் கவிஞர் மஹ் லகா பாயின் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. நேரம் இருந்தால் இறங்கும்போது எட்டிப் பார்க்கலாம்.

இங்கிருந்து பார்த்தால் இன்னொன்றும் தெரியும். முன்பு பாறைகள் இருந்த இடங்களில் இப்போது பள்ளங்கள், கட்டடங்கள். 250 கோடி ஆண்டு நின்றதை வெடி வைத்தால் ஒரே மத்தியானத்தில் ஜல்லியாக்கிவிடலாம். ஜல்லி வேண்டாம் என்று சொல்லவில்லை. ரயில் பாதைக்கும் வீட்டுக்கும் கல் வேண்டும்தான். ஆனால் எந்தக் கல்லை உடைப்பது என்று யோசிக்க வேண்டாமா? அப்படி யோசித்த சில ஹைதராபாத்காரர்கள் 1996-இல் பாறைகளைக் காக்க ஒரு சங்கம் தொடங்கினார்கள். நாம் இன்றைக்கு நடந்த மாதிரியே பொதுமக்களைக் கூட்டிக்கொண்டு மாதந்தோறும் பாறை நடை போனார்கள். அவர்கள் விடாமல் கேட்டதால் சில பாறைகளை அரசாங்கம் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. ஹைதராபாத் பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கும் காளான் பாறை அப்படித் தப்பியவற்றில் ஒன்று.

இறங்கலாமா? அதற்கு முன் கடைசியாக ஒருவர் கையைத் தூக்குகிறார். "மாமா, அந்தப் பாறைகள் ஒரு நாள் விழுமா?"

விழும் கண்ணா. அடியில் தொட்டுக்கொண்டிருக்கிற இடத்தையும் தண்ணீர் விடாது, தின்றுகொண்டேதான் இருக்கிறது. ஆனால் எந்தப் பாறை, எந்த ஆண்டு என்று யாராலும் சொல்ல முடியாது. ஆகையால் அதற்கு அடியில் உட்கார்ந்து டிபன் பிரிக்க வேண்டாம். தள்ளி, அந்த வேப்ப மரத்தடிக்கு வாருங்கள்.